அப்பா தொலைந்து போனார்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்துவதில் உள்ள சுக துக்கங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்தி, "பிறர் பிள்ளைகளின் தப்புக்களைத் திருத்துவதைப் பற்றி இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறீரே, உம்முடைய தப்பை யாராவது திருத்தியது உண்டா?" என்று கேட்டார்.

உண்டு. திருத்தியவனுக்கு அப்போது வயது ஐந்தே முக்கால். திருத்திய இடம் ஒரு ரயில்வே பிளாட்பாரம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன். சொல்வதற்குச் சற்று வெட்கமாய்த்தான் இருக்கிறது. ஆனால் சின்னக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியூர் கிளம்பும் தாய் தந்தையர் நாலு பேருக்காவது பயன்படுமானால், என் வெட்கம் ஒரு பொருட்டல்ல.

2025-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பன் கடல்மேல் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1914 முதல் உழைத்து வந்த பழைய பாலத்தில் 2022-ஆம் வருஷக் கடைசியிலேயே ரயில் போவது நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேலாக, ராமேசுவரம் செல்வோர் கடலைச் சாலைப் பாலத்தின் மேல்தான் கடக்க வேண்டியிருந்தது. "மறுபடியும் ரயில் கடல்மேல் போகிறது" என்று பத்திரிகையில் படித்த அன்றே, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ராமேசுவரம் போவதென்று நான் தீர்மானித்துவிட்டேன்.

குடும்பம் என்றால், நான், என் மனைவி, என் தாயார், ஐந்தே முக்கால் வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். காலந் தாழ்த்திக் கல்யாணம் செய்துகொண்டவன் ஆகையால், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த வயதுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலையும் பாக்கியம் எனக்குக் கிட்டியிருக்கிறது.

பிரயாணத்துக்கு நான் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதில் ராமேசுவரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் பதினான்கை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று பள்ளிக்கூட அட்டவணையைப் போல் கட்டம் போட்டு எழுதினேன். பாலத்தைப் பற்றிப் பையனுக்குச் சொல்ல வேண்டிய விவரங்களுக்குத் தனியாக இரண்டு பக்கம். பழைய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரட்டைக் கதவு போல இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும். அதைத் தூக்குவதற்கு ஆட்கள் கையால் சக்கரம் சுற்ற வேண்டும். புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, கிணற்று வாளி மேலே வருவதைப் போல, நேர் மேலாக 17 மீட்டர் உயரும். மொத்த நீளம் 2.08 கிலோமீட்டர். இவ்வளவையும் குறித்துக்கொண்டேன்.

என் மனைவி செய்த ஏற்பாடு வேறு மாதிரி. ஒரு பையில் குழந்தைகளுக்கு இரண்டிரண்டு செட் உடுப்பு, பழைய துண்டு நாலு, வாந்தி வந்தால் பிடிக்கக் கொஞ்சம் காகிதப் பைகள், காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சின்னவளுக்குப் பொடியில்லாத இட்லி. அந்தப் பையைப் பார்த்து, "போர்க்களத்துக்கா போகிறோம்?" என்று நான் பரிகாசம் செய்தேன். அவள் பதில் சொல்லவில்லை. பிற்பாடு அந்தப் பையே பதில் சொல்லிற்று.

டிக்கெட் விஷயத்தில் நான் சிக்கனத்தைக் கைக்கொண்டேன். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டியதில்லை. ஐந்துக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருந்தால், தனிப் படுக்கை வேண்டாதபோது அரை டிக்கெட். படுக்கை வேண்டுமானால் முழு டிக்கெட். 2016-ஆம் வருஷத்தில் வந்த விதி இது. பையனுக்கு அரை டிக்கெட்டே போதும், என்னுடன் படுத்துக்கொள்வான் என்று முடிவு செய்தேன். இந்தச் சிக்கனம் எனக்கு எவ்வளவு பெரிய லாபத்தைக் கொடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறினோம். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேள்விகளை ஆரம்பித்தான். "ரயிலுக்குத் தூக்கம் வருமா அப்பா?" "நாம் போகிறபோது நிலாவும் ஏன் கூட வருகிறது?" "டிரைவர் மாமாவுக்கு யார் சாப்பாடு கொடுப்பார்கள்?" முதல் ஐந்து கேள்விகளுக்கு நான் விரிவான பதில் சொன்னேன். அடுத்த ஐந்துக்குச் சுருக்கமான பதில் சொன்னேன். அதற்குப் பிறகு என் கண் செல்போனில் பதிந்துவிட்டது. வாய் மட்டும் "உம், உம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்கும் குழந்தைக்கு "உம்" என்பது பதில் அல்ல, கதவைச் சாத்துகிற சத்தம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இரவு சுமார் பத்து மணிக்கு ஒரு பெரிய ஜங்ஷனில் வண்டி நின்றது. கொஞ்ச நேரம் நிற்கும் என்று எதிர் ஆசனத்துக்காரர் சொன்னார். தண்ணீர் வாங்கிக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன். "இங்கேயே இரு, வந்துவிடுகிறேன்" என்று பையனிடம் சொன்னேன். சொல்லும்போதும் என் கண் செல்போனில்தான் இருந்தது. என் மனைவி சின்னவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தாயார் போர்வையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடையில் கூட்டம். தண்ணீர் வாங்கிக்கொண்டு, வண்டியின் மற்றொரு கோடியில் இருந்த வாசல் வழியாக ஏறி, எங்கள் இடத்துக்கு வந்தேன்.

"பையன் எங்கே?" என்றாள் மனைவி.

"இங்கே அல்லவா இருந்தான்?" என்றேன் நான்.

"உங்கள் பின்னாலேயே ஓடினானே? உங்களோடு இருக்கிறான் என்றல்லவா நினைத்தேன்!"

அந்த ஒரு கணத்தை வர்ணிக்க எனக்குத் திறமை இல்லை. குழந்தையைப் பெற்றவர்களுக்கு வர்ணனை தேவையும் இல்லை. ஆசனத்தின் அடியில் பார்த்தேன். கழிப்பறைக் கதவைத் தட்டினேன். அதற்குள் என் தாயார், "டேய், வாசலுக்குப் போய்ப் பார்! வண்டி நகர்ந்தால் நான் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறேன், நீ ஓடு!" என்று சொல்லி, எழுபத்திரண்டு வயதில் எழுந்து சங்கிலிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். எங்கள் எல்லோரிலும் அந்த நேரத்தில் புத்தி நிதானமாக இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

நான் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினேன் என்றால், தப்பான பக்கம். என்ஜின் வரையில் போய், அவன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். பிளாட்பாரத்தில் எத்தனை குழந்தைகள்! அவ்வளவு பேரும் அந்த நேரத்தில் என் பையனைப் போலவே தோன்றினார்கள். அருகில் போனால் ஒருவனும் அவனாக இல்லை.

கடைசியில், எங்கள் பெட்டிக்கு நாலு பெட்டி தள்ளி, ஒரு பெஞ்சியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காக்கி உடுப்பு அணிந்த ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் அழவில்லை. மிகவும் பொறுப்புள்ள முகத்தோடு அந்த அம்மாளிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான்.

நான் போய் என்ன செய்தேன்? அவனை வாரி எடுத்து அணைத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் செய்தது அதுவல்ல. பளீரென்று அவன் கன்னத்தில் ஓர் அறை வைத்தேன்.

இருபது வருஷ உபாத்தியாயத் தொழிலில் நான் ஒரு மாணவனையும் கை தொட்டு அடித்ததில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை அடிக்கக் கூடாது என்று விதித்தபோது, "சட்டம் சொல்லியா நாம் திருந்த வேண்டும்?" என்று ஆசிரியர் அறையில் பெருமையாகப் பேசியவன் நான். அப்பேர்ப்பட்டவன், சொந்தப் பிள்ளையை, நூறு பேர் பார்க்கும் பிளாட்பாரத்தில் அடித்தேன்.

பையன் அப்போதும் அழவில்லை. கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, உண்மையான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"நீங்கள்தானே அப்பா தொலைந்து போனீர்கள்? நான் தேடிக்கொண்டு வந்தேன். என்னை ஏன் அடிக்கிறீர்கள்?"

அந்த அம்மாள் விஷயத்தை விளக்கினார். நான் இறங்கிய சிறிது நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற ரயில் கிளம்பியிருக்கிறது. பக்கத்து வண்டி நகர்ந்தால் நம் வண்டி நகர்வதைப் போலத் தோன்றும் அல்லவா? பெரியவர்களே ஒரு நிமிஷம் ஏமாந்து போவோம். பையன் எங்கள் வண்டிதான் கிளம்புகிறது என்று நினைத்து, அப்பாவைக் கூப்பிட வாசலுக்கு ஓடியிருக்கிறான். அப்பாவைக் காணோம். அவர் இல்லாமல் வண்டி போய்விடுமே என்ற பயத்தில் இறங்கிவிட்டான். பிறகு சீருடை அணிந்த ஒருவரைக் கண்டு, "எங்கள் அப்பா தொலைந்து போய்விட்டார், கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று புகார் கொடுத்திருக்கிறான்.

"அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். 'ஸார்' என்றான்" என்றார் அந்த அம்மாள். "ஸார் என்று ஒரு பெயரா என்று கேட்டால், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்கிறான். போன் நம்பர் தெரியவில்லை. வீடு எங்கே என்றால், மாடியில் இருக்கிறது என்கிறான். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் ஐயா?"

எனக்கு வாய் எழவில்லை. பையன்தான் பதில் சொன்னான். கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, "அப்பா ஸ்கூல் ஸார்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

நேயர்களே, அந்தப் பையனுக்கு மங்கோலியாவின் தலைநகரம் உலான் பாட்டர் என்று தெரியும். எட்டுக் கிரகங்களின் பெயரும் வரிசையாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவனை நிறுத்தி இவற்றையெல்லாம் ஒப்பிக்கச் சொல்லி நான் மகிழ்ந்ததுண்டு. ஆனால் தகப்பன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவனுக்குக் கற்றுக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ராத்திரியில் அவனை வீட்டில் கொண்டு சேர்க்க உலான் பாட்டரால் முடியாது.

வண்டி கிளம்பிற்று. தனிப் படுக்கை எடுக்காதபடியால், பையன் என்னோடுதான் படுக்க வேண்டும். அடித்த தகப்பனோடு படுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நியாயம். அவன் அப்படிச் சொல்லவில்லை. என் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் தூங்கிப் போனான். தூக்கத்தில் ஒரு காலைத் தூக்கி என் மார்பின்மேல் போட்டான். அரை டிக்கெட்டில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான். இரவு முழுதும் அந்தக் காலை எடுத்துக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

தூக்கம் வராத அந்த நேரத்தில், எப்போதோ படித்த ஒரு பிரயாணம் ஞாபகத்துக்கு வந்தது. 1873-ஆம் வருஷத்தில் மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் தம்முடைய பதினொரு வயதுப் பிள்ளை ரவீந்திரனை அழைத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து இமயமலைக்குப் பிரயாணமானார். நடுவே போல்பூரில் தங்கினார்கள். பையன் அங்கே தரையில் கிடைத்த கூழாங்கற்களைப் பொறுக்கிக் கொண்டு வந்து காட்டினான். "இது என்ன குப்பை?" என்று தகப்பனார் கேட்கவில்லை, மெச்சிக்கொண்டார். விலை உயர்ந்த தம் தங்கக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கும் பொறுப்பைப் பையனிடம் ஒப்படைத்தார். அவன் உற்சாகம் மிகுதியாகிச் சாவி கொடுத்ததில் கடிகாரம் பழுதாகி, கல்கத்தாவுக்கு அனுப்பிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதற்காக அவர் கடிந்துகொள்ளவில்லை. மலையில் அவன் தன் இஷ்டப்படி தனியே சுற்றித் திரிந்தான், அதையும் தடுக்கவில்லை. வழியில் ஒரு ஸ்டேஷனில், பையனுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேலிருக்கும் என்று சந்தேகித்து ரயில்வேக்காரர் முழுக் கட்டணம் கேட்டாராம். மகரிஷி ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்த சில்லறையை அலட்சியமாக வீசி எறிந்துவிட்டார். தாகூர் தமது சுயசரிதையில் இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார்.

அந்தத் தகப்பனாரும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. விடியுமுன் எழுப்பி ஸம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். இரவில் நட்சத்திரங்களைக் காட்டினார். ஆனால் பாடத்துக்கு ஒரு வேளை, பையனுக்கு ஒரு வேளை என்று வைத்திருந்தார். நானோ பையனுடைய வேளையையும் சேர்த்துப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். எனக்கு அலுத்துப் போனபோது இரண்டையும் விட்டுவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டேன்.

விடிந்தது. மண்டபம் தாண்டி வண்டி வேகம் குறைந்து பாலத்தில் ஏறிற்று. இரண்டு புறமும் கடல். பக்கத்திலேயே பழைய பாலம், நூறு வருஷத்துக்கு மேல் பாரத்தைச் சுமந்த களைப்போடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் காத்திருந்தது. நான் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பையனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். உபாத்தியாயன் சும்மா இருப்பது எவ்வளவு கடினமான தவம் என்பது என் ஜாதியாருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பையன் தானே கேட்டான்: "கப்பல் வந்தால் என்ன செய்யும் அப்பா? ரயில் பாலம் குறுக்கே இருக்கிறதே?"

அப்போது சொன்னேன். கிணற்று வாளியைப் போல என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பக்கத்தில் எழுதியது நாலு வாக்கியத்தில் முடிந்தது. கேட்ட பிறகு சொன்னதால் அது நின்றது. இன்றைக்கும் வீட்டில் இரண்டு நாற்காலிக்கு நடுவே ஸ்லேட்டை வைத்து, கயிறு கட்டித் தூக்கி, காகிதக் கப்பலை அடியில் விட்டு விளையாடுகிறான்.

ராமேசுவரத்தில் என் அட்டவணை முதல் நாளே சிதறிப் போயிற்று. பதினான்கு இடங்களில் நாங்கள் பார்த்தது நான்கு. தீர்த்தமாடும்போது தலையில் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டியது கண்டு, சின்னவள் முதல் கிணற்றிலேயே கோபுரம் அதிரக் கத்தினாள். இருபத்திரண்டு தீர்த்தத்தையும் என் தாயார் மட்டும் ஆடி முடித்தார். நாங்கள் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். அந்த நீண்ட பிராகாரம் சிற்பக் கலையின் அற்புதம் என்று நான் நினைத்தேன். பையன் அது ஓடுவதற்காகக் கட்டியது என்று நினைத்தான். எங்களில் யார் சரி என்று சொல்ல நான் துணியவில்லை.

அப்துல் கலாம் அவர்களின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தபோது, பழைய குணம் என்னை மீறி வந்துவிட்டது. "பார்த்தாயா? யுத்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். சிறு பையனாக இருந்த கலாம் அவற்றை வீடு வீடாகக் கொடுக்கிற வேலை செய்தார். நீயோ..." என்று ஆரம்பித்தேன்.

என் தாயார் குறுக்கிட்டார். "அவரை நடுத்தெருவில் வெயிலில் நிறுத்தி யாரும் இப்படிப் பிரசங்கம் செய்திருக்க மாட்டார்கள். குழந்தைக்குத் தாகமா என்று முதலில் கேள்" என்றார். கேட்டேன். தாகந்தான்.

மறுநாள் தனுஷ்கோடிக்கு ஒரு வாடகை வண்டியில் போனோம். சின்னவள் சிணுங்கினாள். சமாதானப்படுத்துவதற்காகச் செல்போனில் பொம்மைப் படம் போட்டுக் கையில் கொடுத்தேன். "ஓடுகிற வண்டியில் குனிந்து பார்க்க விடாதீர்கள்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. கால் மணியில் குழந்தை என் வேஷ்டி நிறைய வாந்தி எடுத்தாள். கண் ஓர் இடத்தில் நிலைத்திருக்க, காது மட்டும் உடம்பு அசைகிறது என்று சொல்லும்போது இந்தக் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். தூரத்தில் வானமும் பூமியும் கூடும் இடத்தைப் பார்க்க வைத்தால் தணியும். இந்தச் சாஸ்திரம் எனக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்தவள் என் மனைவி. அவளுடைய பையிலிருந்து துண்டு வந்தது, காகிதப் பை வந்தது, மாற்று உடுப்பு வந்தது. எனக்கு மாற்று வேஷ்டி வரவில்லை. அது என் இலாகா.

தனுஷ்கோடியில் கூரையில்லாத மாதா கோயிலும், இடிந்த ஸ்டேஷனும், மணலில் பாதி புதைந்த சுவர்களும் நிற்கின்றன. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து இலங்கை போகிறவர்கள் இங்கே ரயிலை விட்டிறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலமும் சேதமடைந்தது. அதை 46 நாளில் சரிசெய்தார் ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர். பிற்காலத்தில் டில்லி மெட்ரோவை அமைத்தவர் அவர்தான்.

இதில் எதையும் பையனிடம் சொல்வதில்லை என்று நான் தீர்மானித்திருந்தேன். அவன் ஒரு சிதைந்த வீட்டின் ஜன்னல் துவாரத்தில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக் குழந்தைகள் எங்கே அப்பா?" என்று கேட்டான்.

குழந்தையிடம் எவ்வளவு உண்மையைச் சொல்லலாம்? எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதற்கு விடை சொல்லிக் கொடுப்பதில்லை. "ரொம்ப நாளைக்கு முன்னால் பெரிய புயல் வந்தது. சில பேர் தப்பி வேறு ஊருக்குப் போனார்கள். சில பேர் செத்துப் போனார்கள்" என்றேன்.

அவன் சற்று யோசித்து, "அவர்களுடைய அப்பா அவர்களைத் தேடியிருப்பாரா?" என்று கேட்டான்.

"தேடியிருப்பார்" என்றேன். அப்புறம், இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "நீ காணாமல் போனபோது எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் உன்னை அடித்துவிட்டேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அடித்தது என் தப்பு."

"சரி" என்றான். அவ்வளவுதான். உடனே, "அதோ நண்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினான். பெரியவர்கள் மன்னிப்பதற்கு எத்தனை சடங்கு வேண்டியிருக்கிறது! அவனுக்கு ஒரு நண்டு போதும்.

இந்தப் பிரயாணத்தில் நான் கற்றதை, தொழில் பழக்கத்தினால், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுக் கிளம்புமுன் குழந்தைக்குத் தாய் தந்தையின் பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் பாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். எண் மனப்பாடமாகாத வயதானால், சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கிளம்பும் அன்று காலையில், அன்றைய உடுப்போடு குழந்தையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் நமக்கு ஞாபகம் வராது. எனக்கு வரவில்லை. "நம்மைக் காணோம் என்றால் தேடி ஓடாதே, அங்கேயே நில், சீருடைக்காரரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாளிடமோ சொல்" என்று கதை போலப் பழக்குங்கள். ரயிலில் உதவிக்கு 139, குழந்தைகள் சம்பந்தமான ஆபத்துக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் பெரியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்குகிறவர், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லி, பதில் வாங்கிக்கொண்டு இறங்குங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வதாக நினைத்தோம். விபத்து நுழைந்தது அந்த இடைவெளியில்தான். வயிற்றுப் போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால், சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஊர் பார்க்கும் திட்டத்தில் பாதியை வீட்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இவையெல்லாம் சுலபமான பாடங்கள். எழுதி ஒட்டி வைத்தால் போதும். எழுதி ஒட்ட முடியாத பாடம் ஒன்று உண்டு. குழந்தை காணாமல் போகுமுன் நாம் காணாமல் போய்விடுகிறோம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "உம்" என்று சொல்லிக்கொண்டு, எங்கேயோ போய்விடுகிறோம். அன்றைக்கு என் பையன் அந்தக் காக்கி உடுப்பு அம்மாளிடம் கொடுத்த புகார், யோசித்துப் பார்த்தால், வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

திரும்பி வரும்போதும் அதே ஜங்ஷனில் வண்டி நின்றது. தண்ணீர்ப் புட்டி காலியாயிருந்தது. செல்போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "பையனைப் பார்த்துக்கொள், இறங்குகிறேன்" என்றேன். "பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். பையன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அப்பா, உங்கள் பெயர் என்ன, சொல்லுங்கள்?"

சொன்னேன்.

"போன் நம்பர்?"

பத்து எண்ணையும் ஒப்பித்தேன். அவனும் கூடவே உதட்டை அசைத்துச் சரிபார்த்துக்கொண்டான்.

"சரி, போய் வாருங்கள். தொலைந்து போனால் ஓடாமல் அங்கேயே நில்லுங்கள். நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்றான்.